எண்ணூற்று எழுபது டிகிரி

வீட்டுக்குப் புதிதாக ஒரு மின்சார ஓவன் வந்திருக்கிறது. முகப்பில் சிவப்பு எழுத்தில் நூற்று எண்பது என்று காட்டுகிறது. காட்டட்டும், நான் நம்பவில்லை. கேக் வேகும்போது குனிந்து கண்ணாடி வழியாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். "அது என்ன களவாணியா, இப்பிடி மொறைச்சுப் பாக்கிய?" என்றாள் மனைவி.

சிவப்பு எண்களுக்கும் எனக்கும் பழைய பகை. சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துக்கு மாவு அரைத்தவன் நான். மாவு என்றால் கண்ணாடித் தூளும் பீங்கான் தூளும். கொஞ்சம் பசை விட்டுப் பிசைந்து, மாத்திரையாக அழுத்தி, உலையில் வைப்போம். முதலில் பசை கருகும் வாடை வரும். இன்றைக்கும் எங்காவது பிளைவுட் எரிந்தால் எனக்கு மாரியப்பன் ஞாபகம்தான்.

மாரியப்பன் ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவன். செல்போன் டவர், ரேடார் போன்றவற்றுக்குள் இருக்கும் பீங்கான் சில்லுகளின் நடுவே வெள்ளித் தடங்கள் ஓடும். இரண்டையும் சேர்த்தே சுட வேண்டும். ஆனால் பீங்கான் இறுகக் கேட்கிற சூட்டில் வெள்ளி உருகி ஓடிவிடும். அதனால்தான் கண்ணாடி கலந்து, குறைந்த சூட்டிலேயே இறுக வைக்கப் பார்ப்பது. இட்லி வேக வேண்டும், உள்ளே வைத்த வெண்ணெய் உருகக் கூடாது. அந்த மாதிரி வம்பு.

சுட்ட மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்ப்போம். இறுகாமல் துளை இருந்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். மாரியப்பனுடையது எண்ணூற்று எழுபதிலேயே ஒட்டாமல் வழுக்கியது. அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அல்வாவைத் தின்றுகொண்டே, இவன் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

மறுநாள் அவனே வந்தான். "ஏலே, எனக்கே நம்ப முடியல. உலை மீட்டரு சூட்டப் பொய்யாக் காட்டுதோன்னு தோணுது."

உலை உள்ளே அதிகமாக எரிந்து, மீட்டர் குறைத்துக் காட்டினால் அவனுடைய இத்தனை வருஷ உழைப்பும் குப்பை. அதை அவன்தான் சொன்னான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் பாம்பு உருவம் விற்பார்கள். மாரியப்பன் இரண்டு வாங்கினான். ஒன்றை அம்மன் உண்டியலில் போட்டான். இன்னொன்றை உலையில் வைத்தான். தொள்ளாயிரத்து அறுபதைத் தாண்டினால்தான் வெள்ளி உருகும். மீட்டர் எண்ணூற்று எழுபதைத் தாண்டவில்லை. உலை ஆறியதும் திறந்தோம். பாம்பைக் காணோம், உருண்டையாக ஒரு மணிதான் கிடந்தது. மாரியப்பன் அந்த மணியைப் பேராசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனான்.

பேராசிரியர் அசரவில்லை. "மீட்டருக்கு சர்டிபிகேட் இருக்கு வே. கோயில் வாசல் வெள்ளில செம்பு கலந்திருப்பான். அது முன்னாடியே உருகத்தான் செய்யும்."

அதுவும் உண்மையாக இருக்கலாம். அதுதான் கொடுமை.

"உங்க பீரோவுல சுத்தமான வெள்ளிப் பசை இருக்குல்லா சார்? ஒரு பொட்டு வச்சுப் பாத்துருவோம்" என்றான் மாரியப்பன்.

"அது வெல கூடுனது. நீரு தீசிஸ எழுதிக் குடும். யாரு கேக்கப் போறா?"

கேட்கத்தான் ஆள் வேண்டும் என்று மாரியப்பன் நினைத்தான். நானோ பேராசிரியரின் சட்டைப்பையில் இருந்த பீரோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டுப் பசைக்கா இத்தனை தயக்கம்?

தீசிஸ் எழுத மாட்டேன் என்றுவிட்டான். தெரிந்த ஆசாரியிடம் சொல்லிச் சுத்த வெள்ளிக் கம்பி வாங்கிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை வந்தான். உலை இருந்த இடத்தில் சுவர் மட்டும் கறுத்திருந்தது. அறையைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொடுத்தாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமையே உலையைக் காயலான்கடை லாரியில் ஏற்றிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரியில் குழாயில் தண்ணீர்கூட வராது. லாரி மட்டும் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆய்வுக்கூடம் போயிற்று, என் வேலையும் போயிற்று. பேராசிரியர் வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறார். மாரியப்பன் சிவகிரியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்: "நெசமாவே எண்ணூத்தி எழுவதுதானா?"

வாடிக்கையாளருக்கு எடுத்த டைலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "பொய்னு தெரிஞ்சிருந்தாக்கூட திரும்ப மொதல்லேருந்து செஞ்சிருப்பேன் மக்கா. தெரிஞ்சுக்கவே விடலயே."