மர ரோலர் கோஸ்டரின் கடைசி இருக்கை

வளைகுடா நாட்டில், ஃபஹாஹீல் பக்கம், கடலோரப் பூங்காவில் பழைய மர ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நிற்கிறேன். பெட்டிகள் சரிந்து இறங்கும்போதெல்லாம் மொத்த மரச் சட்டமும் நடுங்கி முனகுகிறது. “திரும்பிடலாமா?” என்று நான் வாய்விட்டு முனகுவதைக் கேட்டு, சுத்தியலோடு நிற்கும் மெக்கானிக் சிரிக்கிறார். குளச்சல்காரர், ஊரில் மீன்பிடி வள்ளம் கட்டிய ஆசாரி.

“பயப்படாதீங்கக்கா. இதைக் கட்டக் கப்பல்ல வந்த பழைய மரம் பாதிதான் இருக்கு. மிச்சம் நான் மாத்துன பலகை. மாத்துன வருஷத்தை ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கேன்.” வாசலோரப் பலகையைத் தொட்டுக் காட்டுகிறார். “இது எம்மக பொறந்த வருஷம். லீவு கிடைக்கல்ல.”

“இவ்வளவு ஆடுதே?”

“மரம்னா ஆடணும்க்கா, வள்ளம் மாதிரி. காலையில பாதை முழுக்க நடந்து ஒவ்வொரு போல்ட்டா தட்டிப் பாப்பேன். அப்புறம் கடைசி சீட்டுல தனியா இருந்து ஒரு ரவுண்டு. அங்கதான் குலுக்கல் ஜாஸ்தி. அது முடிஞ்சாதான் கேட்டைத் திறக்க விடுவேன்.”

என் முறை வருகிறது. கடைசி இருக்கையைக் கேட்டு வாங்கி உட்காருகிறேன். உச்சியில் பெட்டி ஒரு கணம் நிற்கிறது. இந்தப் பள்ளத்தில் இன்று காலை எனக்கு முன்னால் ஒருவர் விழுந்து பார்த்திருக்கிறார். பிடித்திருந்த கம்பியை விட்டு இரண்டு கைகளையும் தூக்குகிறேன்.