ராகு காலத்தில் அமுக்கிய பட்டன்

பாரிவாக்கத்தில் வீட்டிலேயே நோட்டீஸ் அச்சடித்துத் தருகிறேன். இலவசம் என்று வந்ததால் கம்ப்யூட்டரைப் புதிய ஓ.எஸ்.ஸுக்கு, அதாவது புது இயங்குதளத்துக்கு, மாற்றினேன். உடனே பழைய பிரிண்டர் படுத்துவிட்டது. எங்கள் அம்மன் கோவில் கூழ் வார்த்தல் நோட்டீஸ் அப்படியே நின்றது.

பழைய ஓ.எஸ்.ஸுக்குத் திரும்ப ஒரு பட்டன் உண்டாம், அதை அமுக்கப் பத்து நாள்தான் அவகாசமாம். அஷ்டமி, நவமி, கரிநாள் என்று நான் தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் சேகர் போனில் கத்தினார்.

"யக்கா, இன்னிக்குத்தான் கடைசி! நாளைக்கு அந்த பட்டனே இருக்காது. அமுக்கு!"

"ராகு காலம் நடக்குதேப்பா!"

"ராகுவுக்கு கம்ப்யூட்டர்ல இன்னாக்கா வேலை?"

"தாயே, உன் நோட்டீஸ், நீயே பார்த்துக்கோ" என்று கண்ணை மூடி அமுக்கினேன். பழையது திரும்பியது, பிரிண்டரும் எழுந்தது. ஆத்தா காப்பாற்றினாள்.

இப்போதெல்லாம் 'புதியதுக்கு மாற்றலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால், எந்த நேரமானாலும் 'வேண்டாம்' என்று அமுக்கிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்ல நல்ல நேரம் எதற்கு?