சித்தப்பாவின் வயதுக்குச் சாட்சி

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சித்தப்பாவுக்குப் புரோசார்ட் என்ற ஊரில் ஒரு பெண் பொருந்திவந்தது. இருவருக்கும் பிடித்துப்போனது.

2. பெண்ணின் தகப்பன் சித்தப்பாவின் லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். அதன்படி மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது. பெண்ணுக்கு இருபத்தேழு. அவ்வளவு வித்தியாசம் சரிவராது என்றார்.

3. அது வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் போட்ட வயது, உண்மையில் முப்பத்தொன்றுதான் என்று அப்பா விளக்கினார். பதினாலு வயதில் தனியே விமானம் ஏறிய பையனைக் கடவுச்சீட்டில் பத்தொன்பது ஆக்கியிருந்தார்கள். பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது.

4. சொந்தக்காரரின் சாட்சி செல்லாது என்றார் பெண்ணின் தகப்பன். அந்த வயதில் சித்தப்பாவைத் தெரிந்த வெளியாட்கள் இரண்டே பேர்: அவர் வேலை செய்த அப்பிள் தோட்டத்தின் முதலாளியும் அவருடைய மனைவியும். அவர்களை நேரில் போய்க் கேட்பது என்று முடிவானது. முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை.

5. அவர்கள் பேசுவது பிரெஞ்சு; பெண்ணின் தகப்பனுக்கு அது தெரியாது. அப்பாவோ சித்தப்பாவோ மொழிபெயர்த்தால் அவர் நம்பமாட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில்தான் படித்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். முன் இருக்கையில் இருந்த பெண்ணின் தகப்பன் அடிக்கடி திரும்பி, "சின்னப்பிள்ளை பொய் சொல்லாது" என்று சிரித்தார். அதைவிட அவர் என்னை மிரட்டியிருக்கலாம். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் கலியாணம் நின்றுவிடும் என்றுதான் எனக்குப் பட்டது.

கலியாண விஷயம் என்பதால் அவர் கறுப்புக் கோட்டும் டையும் மினுக்கிய சப்பாத்துமாக வந்திருந்தார். "அப்பிள் மரத்தையும் பொம்பிளை பாக்கப்போறார் போல" என்று சித்தப்பா என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

"அவை சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார் அப்பா, கண்ணாடியில் என்னைப் பார்த்து.

சித்தப்பா எப்படி அந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பது எனக்குக் கதையாகத் தெரியும். ஊரில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல், மூத்தவர் இருக்கும் இடத்துக்கு இளையவரையும் அனுப்பினார்கள். அப்பாவோ ஒரு நிலவறையில் ஐந்து பேரோடு படுத்து, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஆறாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. கடதாசிப்படி பத்தொன்பது வயது என்பதால் பள்ளிக்கூடமும் இல்லை. அப்பிள் மரங்களும் பால்மாடுகளும் வைத்திருந்த அந்தக் குடும்பம் சாப்பாடும் படுக்கையும் தருவதாகச் சொன்னது. அப்பாவே கொண்டுபோய் விட்டார். சித்தப்பா இதைச் சொல்லும்போது பகிடியாகத்தான் சொல்லுவார்: மாடுகள்தான் தனக்குப் பிரெஞ்சு படிப்பித்தவையாம்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பாலம் ஏறி, இன்னும் கொஞ்ச தூரம் போனோம். தோட்டக்காரர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றார். சித்தப்பாவை உடனே அடையாளம் கண்டு கை நீட்டினார். பிறகு கோட்டைக் கண்டார். நீட்டிய கை மெல்ல இறங்கியது.

"கேள் பிள்ளை, இங்கை வேலைக்கு வரேக்கை இவருக்கு எத்தினை வயசெண்டு" என்றார் பெண்ணின் தகப்பன்.

கேட்டேன். இந்த மனிதர் யார் என்று தோட்டக்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"ஒரு முக்கியமான விசயமா விசாரிக்க வந்த ஆள் எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். பழைய வேலையாளின் வயதை டை கட்டி வந்து விசாரிக்கிற அந்நியரை ஒரு தோட்டக்காரர் யாரென்று நினைப்பார் என்பது எங்கள் காரில் வந்த மூன்று பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

"பத்தொன்பது" என்றார் தோட்டக்காரர். "அவனுடைய கடதாசியில் அப்படித்தான் இருந்தது. நான் ஒருநாளும் பிள்ளைகளை வேலைக்கு வைத்ததில்லை."

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"கேட்டீரே தம்பி?" என்று பெண்ணின் தகப்பன் அப்பாவைப் பார்த்துக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். சித்தப்பா ஒரு பெட்டியின்மேல் இருந்துவிட்டார்.

அப்போதுதான் தோட்டக்காரரின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். கோட்டையோ என்னையோ அவர் கவனிக்கவில்லை. சித்தப்பாவை எழுப்பி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். தன் தோளுக்குக் கீழே கையை வைத்து, "இவ்வளவுதான் இருந்தான்! எங்கள் கடைக்குட்டியின் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தான்" என்றார். கணவர் கண்ணைக் காட்டியும் அவர் நிறுத்தவில்லை. இப்போது அந்த அம்மாவின் தலை சித்தப்பாவின் நெஞ்சளவுதான் இருந்தது.

பெண்ணின் தகப்பன் அந்தக் கையைப் பார்த்தார், சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தார். நான் வாய் திறக்கும் முன்னரே, "பத்தொன்பதுக்குப் பிறகு ஒருதரும் உப்பிடி வளரேலாது. முப்பத்தொண்டு சரி!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாம் முடிந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"பால் கறக்கிற நேரம் மாட்டுக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிண்டு அழுவாராம். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாராம். அண்ணை, அண்ணை எண்டு. அப்பிடியெண்டால் என்னெண்டு கேக்கிறா."

"காணும் பிள்ளை, நிப்பாட்டு" என்றார் சித்தப்பா.

ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா? மூத்த சகோதரன் என்று பிரெஞ்சில் சொல்லி, விளங்கட்டும் என்று அப்பாவைக் கையால் காட்டினேன். அப்பா பெண்ணின் தகப்பனிடமிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். வயது சரியென்று ஆன பிறகும் அவர் ஏன் அப்படிப் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்து, சொன்ன வசனங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வீடு வந்தேன். பிழை எதுவும் அகப்படவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் இப்போது புரோசார்ட்டில் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தத் தோட்டத்தைப் பற்றி அப்பாவும் அவரும் இதுவரை கதைத்ததில்லை.