மண்ணெண்ணெய் மணக்கும் பூ

போன கிழமை என் மூக்கு ஒரு காரியத்தைக் கெடுத்தது. அதே மூக்கு அதை நிமிர்த்தியும் வைத்தது. ஆகவே இந்த வாரம் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க இந்த இடத்தில் புலம்பத்தானே செய்கிறேன்?

புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் பலேர்மோவில், பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா ஆகத்தா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். சமையல், துடைப்பு, கடை, மருந்து — எல்லாம் என் தலையில். சிஞ்ஞோரா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிப்பித்தவர். தனி ஆள். இந்த வருடம் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்து ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து முதலில் தலைமயிரை எடுத்தது. பிறகு மணம் பிடிக்கும் சக்தியை எடுத்தது. கடைசியில் பசியையும் எடுத்துவிட்டது.

ஒரு கரண்டி சூப் உள்ளே போனால் ஒன்றரைக் கரண்டி வெளியே வரும். டொக்டர் நிறுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"அடுத்த திங்கட்கிழமை ஒரு கிலோவாவது கூடியிருக்க வேணும். இல்லாட்டி ஊசியை நிப்பாட்டிறதைத் தவிர வேறை வழியில்லை."

(அவர் சொன்னது இத்தாலியனில். இந்தப் பத்தியில் எல்லோரும் எங்கள் பாஷையில்தான் கதைப்பார்கள். அது எனக்கும் வசதி, உங்களுக்கும் வசதி.)

நிப்பாட்டினால் பிறகு என்ன? நான் கேட்கவில்லை. சிஞ்ஞோராவும் கேட்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் பிடித்ததில்லை.

மறுநாள் செவ்வாய். காலையில் வேலைக்குப் போனால் குசினி மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தல். சிஞ்ஞோரா நித்திரை. போத்தலுக்குள் காய்ந்த பச்சைப் பூங்கொத்துகள் — இறுக்கமாக, மயிர்மயிராக. இந்த ஊரில் பாஸ்தாவுக்குத் தூவும் ஒறேகானோ இலையைக் கொத்துக் கொத்தாகத்தானே விற்கிறார்கள்? ஏதோ உயர்ந்த ஜாதி ஒறேகானோ என்று நினைத்து மூடியைத் திறந்தேன்.

கோதாரி! மண்ணெண்ணெய்!

உடனே விளங்கிவிட்டது... என்று நினைத்தேன். இது சிஞ்ஞோராவின் தம்பி நீனோவின் வேலை. நீனோ கப்பலில் எஞ்சினியராக இருந்து பென்ஷன் எடுத்தவர். இப்போதும் துறைமுகத்தில் யாருடையதாவது போட் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். அவர் கொண்டுவரும் கேக்கிலும் எண்ணெய் மணக்கும். மனுசன் ஒறேகானோவை ஸ்பானர் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து எண்ணெயில் நனைத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

வேறு ஊர்க்காரன் என்றால் எடுத்துக் குப்பையில் எறிந்திருப்பான். நாங்கள் எறிவோமா? ஊரில் யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரே லொறியில் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த சனம் நாங்கள். அந்த அரிசியை என்ன செய்தோம்? சுடுதண்ணீரில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, பிழிந்து மூன்று தரம் கழுவி, வெயிலில் பரப்பினோம்.

அதையேதான் செய்தேன்.

சிசிலித் தேசிக்காய்க்குக் குறைச்சலா? நாலு பிழிந்தேன். கசக்கிக் கசக்கிக் கழுவினேன். மொட்டைமாடியில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். மத்தியானம் மணந்து பார்த்தேன்... துப்புரவு! நனைந்த கோழிக்குஞ்சு மாதிரிச் சுருண்டு கிடந்தாலும் மண்ணெண்ணெய் மணம் அறவே இல்லை. கீழே இறங்கிப் போய், பெரிய சாதனையாளன் மாதிரிச் சிஞ்ஞோராவிடம் அறிவித்தேன்.

"சிஞ்ஞோரா, அந்த ஒறேகானோவிலை இருந்த எண்ணெய் மணத்தை எடுத்துப்போட்டன்!"

சிஞ்ஞோரா டெலிபோனை எடுத்தார். பத்து நிமிடத்தில் நீனோ வந்து நின்றார்.

"கழுவினியோ?"

"ஓம். மூண்டு தரம்."

"ஏன்?"

"மண்ணெண்ணெய் மணந்தது."

நீனோ கதிரையில் பொத்தென்று இருந்தார். "அட விசரா, அந்த மணத்துக்காகத்தானே அதைத் தேடி எடுத்தது!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அது ஒறேகானோ இல்லை. கஞ்சாப் பூ. ஊசி போட்டவர்களுக்கு ஓங்காளத்தை நிற்பாட்டிப் பசியைக் கிளப்புமாம். ஒல்லாந்துப் பக்கம் போய்வரும் கப்பல்காரன் ஒருத்தன் கொடுத்தது. எரிபொருள் மாதிரிக் குப்பென்று அடிப்பதுதான் அதில் முதல் தரமாம். மணம் போனால் மருந்தும் போச்சாம்.

கஞ்சா உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்! ஊரில் நான் கண்டது தடியும் விதையும் காய்ந்த இலையுமாக, வைக்கோல் மணக்கும் சாமான். இப்படிச் சடைத்து, பிசின் ஒட்டி, மண்ணெண்ணெய் அடிக்கும் பூவைக் கண்டேனா?

நீனோ கத்தினார். சிஞ்ஞோரா கத்தவில்லை. "நீர் கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நாலு அடி அடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மனைவி ராணியிடம் சொன்னேன். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு சாமான் மணந்தால் முதல்லை ஆரையேன் கேக்கவேணும் எண்டு தோணாதோ? வாற மாசம் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போறியள். அங்கையும் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கோ, நல்லாயிருக்கும்!"

"இல்லையப்பா, நான்..."

"ஒண்டும் கதைக்காதேங்கோ. அந்த மனுசி பாவம். சாப்பிட வைக்கிற வழியைப் பாருங்கோ."

புதன்கிழமை சிஞ்ஞோரா அரைப் பிஸ்கற் சாப்பிட்டார். அதுவும் நிற்கவில்லை. திங்களுக்கு இன்னும் ஐந்து நாள்.

வியாழன் காலை நீனோ மூன்று சின்னப் பொட்டலங்களோடு வந்தார். முதல் தந்த கப்பல்காரன் ஜெனோவாவுக்குப் போய்விட்டானாம். இது வேறு வேறு ஆட்களிடம் எடுத்தது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டையும் பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எது நல்லது?

அங்கேதான் சிக்கல். சிஞ்ஞோராவுக்கு மணமே தெரியாது. நீனோ நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்த ஆள் — பக்கத்து வீடு எரிந்தாலும் மணக்காது. ஆனாலும் மூன்றையும் மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டு இரண்டாவதைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான். டீசல் மாதிரி அடிக்குது. எனக்கே மணக்குது எண்டால் யோசிச்சுப் பாருங்கோ!"

"நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்றேன்.

"நீயோ? என்னத்துக்கு, கழுவவோ?"

விடுவேனா? வாசகர்களே, இந்த நாட்டில் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஜன்னல் துடைப்பாயா, இஸ்திரி போடுவாயா, நாயைக் குளிக்க வார்ப்பாயா... ஊரில் என்ன வேலை செய்தாய் என்று ஒரு குஞ்சும் கேட்டதில்லை. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினொரு வருடம் மண்ணெண்ணெய் அளந்தவன்! தடைக்காலத்தில் சனம் மோட்டார்சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டியபோது, ஒரு பீப்பாவுக்குள் என்னென்ன கலந்துவரும் என்று தெரியுமா? மூடியைத் திறந்ததும் இது சுத்தம், இது கலப்படம் என்று சொல்லிவிடுவேன். என் மூக்கை ஏமாற்றிய பீப்பா இல்லை.

"பாக்கட்டும். ஆனால் காரணம் சொல்ல வேணும்" என்றார் சிஞ்ஞோரா. கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து இருந்தார். அசல் ரீச்சர்.

முதல் பொட்டலம். அமுக்கினால் பொடியாக உதிர்ந்தது. அடியில் பூஞ்சண மணம். மழையில் நனைந்த வைக்கோல். "இது பழசு" என்று தள்ளினேன்.

இரண்டாவது — நீனோவின் செல்லம். பிரித்ததுமே அடித்தது. ஆனால் எனக்குச் சந்தேகம். மணம் மேலே நிற்கிறது, உள்ளே இல்லை. ஒரு பூவைப் பிய்த்து உட்பக்கத்தை மணந்தேன்: வெறும் புல்! சங்கக்கடையில் செய்வது போல ஒரு பூவை வெள்ளைக் கடதாசியில் வைத்து மடித்து, நகத்தால் அழுத்தி எடுத்தேன். கடதாசியில் வட்டமாக எண்ணெய்க் கறை.

"சிஞ்ஞோரா, இதுக்கு ஆரோ லைட்டருக்கு ஊத்திற எண்ணெயைத் தெளிச்சிருக்கிறாங்கள். மணம் பூவின்ரை இல்லை, போத்தலின்ரை."

நீனோ கடதாசியை வாங்கிப் பார்த்தார். பொட்டலத்தைத் தானே மடித்துப் பைக்குள் வைத்தார்.

மூன்றாவது. வெளியே பெரிதாக ஒன்றுமில்லை. நீனோ அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஒரு பூவை விரலுக்கிடையில் நசித்தேன்...

ஐயோ! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் மண்ணெண்ணெய். அதற்குப் பின்னால் தேசிக்காய்த் தோல். அதற்கும் பின்னால், காம்பு முறித்த மாங்காயில் வடியும் பால் — அந்தக் கார மணம். பிசின் விரலில் ஒட்டி விடமாட்டேன் என்றது. கடதாசியில் அழுத்தினேன்: எண்ணெய் வட்டம் இல்லை.

"இதுதான்! இந்த மணம் உள்ளுக்கிருந்து வருது. ஆரும் ஊத்தினதில்லை. செவ்வாய்க்கிழமை நான் கழுவினதும் இதே ஜாதிதான். என்ரை மூக்கு மறக்காது."

சிஞ்ஞோரா என் விரலை இழுத்து, ஒட்டியிருந்த பிசினைத் தொட்டுப் பார்த்தார்.

"பத்துக்குப் பத்து" என்றார்.

முப்பது வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த மனுசி பத்துப் போட்டிருக்கும்? நீனோ சொன்னார்: "எனக்கே அக்கா ஆறுக்கு மேலை போட்டதில்லை." எனக்கு நெஞ்சு விரிந்து சேட்டுப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு நீனோ அந்தப் பூவை என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று எழுதமாட்டேன். இந்தப் பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதோடு என் பெர்மெஸ்ஸோவும் இருக்கிறது.

மத்தியானம் ஒரு மணி. நான் குசினியில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். ராணி கட்டித் தந்த புட்டும் சூடைமீன் குழம்பும். முதல் பிடி வாய்க்குப் போகவில்லை... வாசலில் சிஞ்ஞோரா! சுவரைப் பிடித்தபடி, தானாக எழும்பி நடந்து வந்திருக்கிறார்.

"சிவா, என்ன அது?"

"புட்டு சிஞ்ஞோரா. உங்களுக்கு இப்ப சூப் வைக்கிறன்..."

"சூப் வேண்டாம். அதைத் தாரும்."

"உறைப்பு!"

"தாரும்."

தந்தேன். ஒரு கரண்டி. இரண்டு. மூக்கால் வழிந்தது, கண்ணால் வழிந்தது, மனுசி நிற்பாட்டவில்லை. "இத்தினை மாசத்துக்குப் பிறகு இப்பதான் வாய்க்கு ஏதோ தெரியுது" என்றார். மீன் முள்ளைக்கூட உறிஞ்சி வைத்தார். நானும் நீனோவும் மூச்சு விடாமல் காத்திருந்தோம் — திரும்பி வருமா? பத்து நிமிடம். இருபது நிமிடம். வரவில்லை! நீனோ என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார், சுருட்டு மணத்தோடு. நான் அன்று பட்டினி. வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமான பட்டினி கிடந்ததில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ராணி இரண்டு பெட்டி கட்டினாள். "கழுவினதுக்குத் தண்டனை எனக்கோ?" என்று முணுமுணுத்தபடிதான். ஆனால் சிஞ்ஞோராவின் பெட்டியில் மீன் பெரிதாக இருந்ததை நான் கவனித்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. சிஞ்ஞோரா தராசில் ஏறினார். முள் ஆடியது, நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு கிலோ இருநூறு கூட" என்றார் டொக்டர். "ஊசி தொடரலாம்."

பஸ்ஸில் மறுபடி என் கையைப் பிடித்தார் சிஞ்ஞோரா. இந்த முறை நசித்துவிட்டார் — பலம் வந்துவிட்டதல்லவா?

ஆனால் அதற்கு முன்னால், நாங்கள் வெளிக்கிடும்போது டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார். அப்படி என்னதான் கொடுத்தாய், மற்ற நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டும், எழுதித் தா என்று பேனையை நீட்டினார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன்.

எழுதிக் கொடுத்தேன்: அரிசிமா, தேங்காய்ப்பூ, உப்பு.