வாய் மூடிய எட்டு முகங்கள்

என் வீட்டு முன்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு சிமெண்டுத் துண்டால் முட்டுக்கொடுத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் இரண்டு பல்லும் பாதி உதடும் தெரியும். வருகிறவர்கள் நாய்ப் பொம்மை உடைந்ததா என்று கேட்பார்கள். தாம்பரத்தில் நான் போகும் தேவாலயத்தின் மாடி விளிம்பிலிருக்கும் ஒரு மிருகத்தின் கீழ்த்தாடை அது. உடைத்தவள் நான். உடைக்க வைத்தவர் எங்கள் சபைச் செயலாளர். அவரைப் பற்றி நல்லபடியாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், கோயில் வாசலில் சலவைக்கல்லில் பெயரும் வெட்டியிருக்கிறது. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். எனக்குத் தெரிந்ததை மெதுவாகச் சொல்கிறேன்.

செயலாளர் பெரிய ஆபீசில் வேலை பார்த்தவர். மகனைப் பார்க்க ஒரு தடவை வெளிநாடு போய்வந்தார். அங்கே ஒரு நகரத்தின் நடுவில், கடைத்தெருவை ஒட்டி, பல நூறு வருஷத்துக்கு முந்திய, கோத்திக் என்கிற பாணியில் கட்டிய தேவாலயம் ஒன்றைப் பார்த்தாராம். அன்றோடு எங்கள் ஓட்டுக்கூரைக் கோயில் அவர் கண்ணுக்கு மாட்டுக்கொட்டகை ஆகிவிட்டது. ஆராதனை முடிந்தும் விடமாட்டார், வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். பாட்டன் அஸ்திவாரம் போட்டு, பேரன் காலத்திலும் கோபுரம் முடியாமல் நின்றதாம். கூர்முனை வளைவு கூரையின் பாரத்தைத் தூணில் இறக்குமாம். தூண் சுமப்பதால் சுவரைத் திறந்து ஆள் உயரத்துக்கு மேல் வண்ணக் கண்ணாடி பதிக்கலாமாம். சுவர் வெளியே சாயாமலிருக்க வெளிப்பக்கத்திலிருந்து பாதி வளைவுகள் முட்டுக்கொடுக்குமாம். செங்குத்தான கூரையில் வழிகிற மழைத்தண்ணீர் சுவரில் படாமல், விளிம்பிலிருக்கும் கல் மிருகங்கள் வாயால் தூரத் துப்புமாம். திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு அத்தனையும் மனப்பாடம். சொன்னவர் தலையில்தான் ஒன்றும் ஏறவில்லை.

பழைய கோயிலை இடித்தார். புதுக் கட்டடத்தில் நான் சித்தாள், சாந்துச்சட்டி சுமந்தேன். அதனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியே கம்பீரமாக நிற்கும் பாதி வளைவுகள் கம்பி வலையில் சிமெண்டு பூசிய வெறுங்கூடு. சுவரை ஒரு விரலாலும் தாங்கவில்லை. கூரை செங்குத்தாக இல்லை, செலவு அதிகம் என்று தட்டைத் தளம் போட்டு, சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்பினார். அதில் எட்டு மிருகமுகங்கள். மேஸ்திரி விவரமான ஆள், ஒவ்வொன்றின் தொண்டைக்குள்ளும் குழாய் விட்டு வாயைத் திறந்து வைத்திருந்தார். செயலாளர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முகம் கோணியது. மேஸ்திரி என்னிடம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"இன்னாக்கா பண்றது? வாயத் தொறந்துகினு இருந்தா திருநீர்மலை கோயிலு யாளி மாதிரி கீதாம். பாக்கறவங்க இது இன்னா சாமி கோயிலுன்னு கேப்பாங்களாம். எட்டையும் மூடச் சொல்லிட்டாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"சார், வாய மூடிட்டா தண்ணி எதுல போவும்?"

"மூலையில பைப் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? நீ கோத்திக் பாத்திருக்கியாம்மா?"

"மழையப் பாத்துகீறேன் சார்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைச் செயலாளர் மறக்கவில்லை. எட்டு வாயையும் சிமெண்டு வைத்து மூடினோம். கட்டடம் முடிந்ததும் போதகர் தயவில் கோயிலைப் பெருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

முதல் கார்த்திகை மழையிலேயே பீடத்தின் மேல் சொட்டத் தொடங்கியது. மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், வெளியேற ஒரே ஒரு ஒல்லிக் குழாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பெருக்கற அம்மா மாடிய சரியா பெருக்கறதில்ல. குப்பை அடைச்சிருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாக்கறோம்." சபை முழுவதும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நான் அன்று காலையிலும் அந்தக் குழாய் வாயைக் கையால் துழாவிச் சுத்தம் செய்திருந்தேன். வேலை போனால் இன்னொரு வேலை. சோம்பேறி என்ற பெயர் ஒட்டினால் அதை எதை வைத்துத் தேய்ப்பது?

அடுத்த ஞாயிறும் மழை. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கைப்பிடிச்சுவரில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி முதல் மிருகத்தின் வாயில் அடித்தேன். நாலாவது அடியில் தாடை பெயர்ந்து கீழே விழுந்தது. தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. சத்தம் கேட்டுக் குடையோடு ஓடிவந்த செயலாளர் அதன் நேர் கீழே நின்றார், குடை மடங்கிப்போனது.

"என்னம்மா பண்ணிட்டே! கோத்திக்கையே உடைச்சிட்டியே!"

"அடைப்ப ஒடச்சேன் சார். உள்ள போயி பாருங்க, சொட்டுதான்னு."

கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றது. கீழே கிடந்த தாடையை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தேன். மறுநாள் மேஸ்திரி வந்து மற்ற ஏழு வாயையும் பதமாகத் திறந்துவிட்டுப் போனார். வேறு ஆள் பார்க்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. என்னைப் பற்றி மைக்கில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சும் வரவில்லை. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே! விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "ஒரிஜினல்ல இருக்கற மாதிரியே வாய்வழியா கொட்டும், நான்தான் பிளான் பண்ணேன்" என்று காட்டுவார். நான் துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நிற்பேன்.

கிழமான பிறகு ஒருநாள் என் வீட்டுக்கே வந்தார். ஆண்டுவிழா வருகிறதாம். முதல் முகம் மட்டும் கோணலாக இருக்கிறதாம். தாடையைக் கொடுத்தால், ஓட்டையை விட்டுவிட்டு அழகாக ஒட்டிவிடலாமாம். டீ போட்டுக் கொடுத்தேன். "அன்னிக்கு மைக்குல சொன்னீங்கோ இல்ல சார், அது தப்புன்னு அதே மைக்குல சொல்லுங்கோ. அன்னிக்கே கொண்டாந்து குடுக்கறேன்" என்றேன். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

போன வருஷம் மழை நாளில் அவரை அடக்கம் செய்தோம். கோயிலுக்குள் புகழ்ந்து பேசப் பேச, வெளியே எட்டு வாயும் கொட்டிக்கொண்டிருந்தன. ஏழு நேராக, ஒன்று கோணலாக. வீட்டுக்கு வந்தேன். காற்று கதவைத் தள்ளிப் பார்த்தது. காலால் தாடையை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தேன்.