நொண்டியனைக் காணவில்லை

கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் வந்த வருடம் அது. அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடிக்க, ஞாயிறு என்றால் ஒருவரும் கார் எடுக்கக்கூடாது என்று இங்கே சட்டம் போட்டார்கள். அடுத்த கோடையில்தான் உலகக் கிண்ணப் பந்தாட்டத்தில் மேற்கு ஜெர்மனி வென்றது. எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. வருடங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன்... நான் சொல்ல மருமகள் கணினியில் தட்டுகிறாள்.

நவம்பர் கடைசி, முதல் ஞாயிறு காலை. பெருந்தெருவில் ஒரு சத்தம் இல்லை. நனைந்த பைன் மரங்களின் மணம் மட்டும்...

நானும் ரத்தினம் அண்ணையும் ஹாம்பர்க்கில் கப்பலை விட்டு இறங்கியவர்கள். அதற்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், மரம் அரியும் ஆலையில் வேலை. அன்றைக்கு நடுத்தெருவில் ராசாக்கள் மாதிரி நடந்தோம்.

தெருவோர வடிகானுக்குள் ஒரு மான் செத்துக் கிடந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. வெறும் எலும்பும் தோலும். தலையில் கொம்பும் இல்லை.

"பெட்டை மான், பாவம்" என்றார் அண்ணை. "கண் திறந்தபடி கிடக்கு. நரி இழுக்கட்டுமெண்டு விட்டிட்டுப் போக ஏலாதடா."

ஆலையிலிருந்து மண்வெட்டி எடுத்து வந்தோம். மணல் நிலம், வெட்டச் சுகமாக இருந்தது. புதைத்தோம். அதோடு மறந்தும் போனோம்.

அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமை ஒரு பட்டணத்து முதலாளியின் குத்தகையில் இருந்தது. ஒட்டோ என்பவர் அவருடைய காவலாள். இளம் ஆண் மானைச் சுடக்கூடாது, முற்ற விட வேண்டும் என்பதில் ஒட்டோ கண்டிப்பு. அப்படிப் பல வருடம் அவர் பொத்திப் பொத்திக் காத்த மான் ஒன்று உண்டு. எப்போதோ முன்னங்கால் முறிந்து, தானாக ஒட்டி, கெந்திக் கெந்தி நடக்கும். நொண்டியன் என்று பெயர். முதலாளியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் கையாலேயே அதைச் சுடுவதாகப் பேச்சு.

மே மாதம் வேட்டை திறந்தது. நொண்டியனைக் காணவில்லை.

ஒட்டோ மரப்பரணில் ஏறி விடியலிலும் அந்தியிலும் குந்தியிருந்தார். ஒன்றும் வரவில்லை. மான் இல்லாவிட்டால் காவலாள் எதற்கு என்று முதலாளி கேட்கத் தொடங்கிவிட்டார்.

முற்றிய மான் காணாமல் போனால் இந்த வேட்டைக்காரர் எல்லோருக்கும் நினைப்பு ஒரே இடத்துக்குத்தான் போகும். பக்கத்துக் காட்டுக்காரன் சுட்டுவிட்டான்... பக்கத்துக் காடு ஹைன்ரிக்குடையது. ஹைன்ரிக் வேறு யாருமில்லை, ஒட்டோவின் மனைவி ஹன்னலோரவின் அண்ணன். தாய் தகப்பன் போரில் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன்.

பியர்க்கடையில் எல்லோருக்கும் முன்னால் ஒட்டோ கேட்டார்.

"நொண்டியன் எல்லை தாண்டின உடனே சுட்டுப்போட்டாய், என்ன?"

"சுட்டிருந்தால் கொம்பைச் சுவரில அடிச்சு உனக்கே காட்டியிருப்பன். ஒளிச்சு வைக்க எனக்கென்ன விசரே?"

அன்றோடு பேச்சு நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்த ஹன்னலோரவுக்கு ஒட்டோ ஒன்றுதான் சொன்னாராம்: "அந்த வாசலை மிதிச்சால் அங்கேயே இரு."

இதற்கிடையில் முதலாளிக்கு எங்கள் மேலும் ஒரு சந்தேகக் கண். ஒருநாள் நேராகக் குசினிக்குள் வந்து, அடுப்பிலிருந்த ஆட்டிறைச்சிக் கறியை முகர்ந்து, "இது என்ன இறைச்சி?" என்றார். அண்ணை ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். மனுசனுக்குக் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. "மானாய் இருந்திருந்தாலும் இனி அது மானில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் கடைசியில் ஹன்னலோர வழக்கம்போல எங்களுக்குத் தோட்டத்துப் புது உருளைக்கிழங்கு கொண்டு வந்தாள். கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"ஞாயிறு வந்தால் எங்கை போறதெண்டு தெரியேல்லை."

அவளைத் தேற்ற அண்ணை தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னார். "ஆண் மான் நாங்களும் காணேல்லை, பிள்ளை. ஒரு பெட்டைதான். கார் ஓடாத ஞாயிறு, செத்துக் கிடந்தது. புதைச்சனாங்கள்."

"பெட்டையெண்டு எப்பிடித் தெரியும்?"

"கொம்பில்லையே."

கோப்பையை வைத்துவிட்டாள். "ரத்தினம்... நவம்பரில ஆணுக்கும் கொம்பு விழுந்திடும். மாரிக் குளிரிலதான் புதுசு முளைக்கும்."

எங்கள் ஊர் ஆடும் மாடும் கொம்பை உதிர்ப்பதில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் புருசனையும் கூட்டி வந்தாள், தன் அண்ணனையும் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் குழிக்கு ஆளுக்கொரு பக்கம், முகம் பாராமல் நின்றார்கள். நானும் அண்ணையும் தோண்டினோம். முன்னங்கால் எலும்பு வந்தது. முறிந்து ஒட்டிய இடத்தில் பாக்களவு முண்டு புடைத்திருந்தது.

ஒட்டோ தாடையை எடுத்து மண்ணைத் துடைத்தார். பல் எல்லாம் ஈறு இருந்த மட்டத்துக்குத் தேய்ந்து கிடந்தது. சுற்றிவரப் புல் இருந்தும் சப்ப முடியாமல் பட்டினியில் செத்திருக்கிறது.

"காரை நினைச்சன், கள்ளனை நினைச்சன், உன்னை நினைச்சன்" என்றார் ஹைன்ரிக்கைப் பார்த்து. "கிழடு தட்டிச் செத்திருக்குமெண்டு நினைக்கேல்லை."

ஹைன்ரிக் எங்கள் பக்கம் திரும்பினான். "மேலை கொம்பைத் தேடினியள். கொஞ்சம் கீழையும் பார்த்திருக்கலாமே."

ஹன்னலோர வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மற்றத் தாடையில் ஒரு காய்ந்த பைன் கொப்பு ஒட்டியிருந்தது. "இது ஆர் வைச்சது?" என்றார் ஒட்டோ.

"நீங்கள் சுட்ட மானின்ரை வாயில கடைசித் தீனெண்டு கொப்பு வைக்கிறனீங்கள்" என்றார் அண்ணை. "நாங்களும் வைச்சம்."

ஒட்டோ தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் பொறுத்து ஹைன்ரிக்கும் கழற்றினான்.

"ஞாயிறு வா" என்றான் தங்கைக்கு. "இவனையும் கூட்டிக்கொண்டு வா."

முதலாளி அந்தத் தாடையை வாங்கி, தேய்ந்த பல்லைத் தடவிப் பார்த்தார். பிறந்தநாளுக்கு வேறொன்றைச் சுட்டார். ஒட்டோவின் வேலை நிலைத்தது.

இப்போது அந்தக் காட்டில் மரத்துக்கு மரம் கமரா கட்டியிருக்கிறார்கள். எந்த மான் எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்கிறார்கள். நல்லதுதான்... வீண் பழி இல்லை. ஆனால் ஒரு மானுக்காக இத்தனை பேர் ஒரு குழியைச் சுற்றி நிற்கவும் தேவையில்லை.

ஒட்டோ போய்விட்டார். ஹைன்ரிக்கும் போய்விட்டான். ரத்தினம் அண்ணையை நானே அடக்கம் செய்தேன். அன்று அங்கே நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் இருப்பது ஒரே ஒருத்தி... ஹன்னலோர.