சீஸ் உருண்டைக்குப் போட்ட உப்பு

கூடப் பிறந்தவளை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன். மனதாரவே நினைத்தேன். இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது?

அத்தான் இறந்த பிறகு அக்கா திருநெல்வேலி வீட்டைக் காலி செய்துவிட்டு, ஹைதராபாத் கச்சிபௌலியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை கிடையாது. எங்கள் வீடு இல்லையென்றால் முதியோர் இல்லம்தான். "இங்கேயே இருக்கட்டும், பாவம்" என்றார் என் கணவர். பதினைந்து வருஷம் என் குழம்பைச் சாப்பிட்டு வாய் திறக்காத மனுஷன், அக்கா வைத்த தேங்காய்ப்பால் சொதியைக் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார். தமிழில் ஒரு வார்த்தை பேசாத என் மகள்கூட "பெரியம்மா, இன்னொரு தோசை" என்று கற்றுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அடுப்படியில் நானே விருந்தாளியாகிப்போனேன். ஆனால் போ என்று சொல்ல முடியுமா? ஊர் காறித் துப்பாதா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கணவரின் மேனேஜரும் ஆபீஸ்காரர்களும் விருந்துக்கு வருவதாக இருந்தது. மகள் சீஸ் உருண்டை வேண்டும் என்றாள். "அதுக்கென்ன, நான் செஞ்சு தாரேன்" என்று அக்கா முந்திக்கொண்டாள். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, நான் துருவிக் கொடுத்த சீஸைப் போட்டுப் பிசைந்தாள்.

எங்கள் பிறந்த வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார்கள். சாமிக்குக் காட்டும் முன் வாயில் வைத்தால் எச்சில். எல்லாம் கைக்கணக்குதான். ஹைதராபாத் வந்ததும் நான் அதைத் தலைமுழுகிவிட்டேன்; அக்கா விடவில்லை. அவள் அதுவரை சீஸ் தின்றதும் இல்லை. சீஸிலேயே உப்பு உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கிழங்குக்குப் போடுகிற மாதிரி உப்பை அள்ளிப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதுமா, ஏட்டி?"

"இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றேன்.

போட்டாள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொன்னிறமாகப் பொரித்தாள். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிடும்போதே அழைப்பு மணி அடித்தது. தட்டைத் தானே ஏந்திக்கொண்டு போனாள்.

"அம்மோ, உப்பு கஷாயம்!" என்று மேனேஜரின் மனைவி தெலுங்கில் அலறி டிஷ்யூவில் துப்பினாள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போனான். தட்டோடு அக்கா நடு ஹாலில் நின்றாள். கணவர் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "வாயில வச்சுப் பாக்கக் கூடாதா? என் மானமே போச்சு" என்று கத்தினார். நான் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"வயசாயிட்டு தம்பி, கை தப்பிட்டு" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாரும் போன பிறகு கணவர், "அவங்களுக்கு இங்க ஒத்து வராது போல" என்றார். நான் எதிர்பார்த்த வார்த்தை. உடனே தலையாட்டினேன்.

சாமி முன்னால் வைத்த இரண்டையும் அக்கா எடுத்து வந்து அடுப்பு மேடை ஓரம் நின்று தின்றாள். நிதானமாக மென்றாள். ஒன்றையும் துப்பவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, நீ இதுக்கு முன்னால சீஸ் தின்னுருக்கல்லா?"

"ஆமா" என்றேன்.

அக்கா பரண்மேல் இருந்த தன் பெட்டியைக் கீழே இறக்கப் போனாள்.